எழுத்தாளர் வகுப்பறைக்கு வரும்போது

நுழையும்முன்

பாடநூலில் ஓர் எழுத்தாளரின் பெயர், பிறந்த ஆண்டு, படைப்புகள், பெற்ற விருதுகள் ஆகியவை இடம்பெறும். அவர் எவ்வாறு எழுதத் தொடங்கினார், எங்குத் தயங்கினார், எத்தனை முறை அடித்துத் திருத்தினார் என்பவை பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. பள்ளிக்கு வந்து மாணவருடன் உரையாடும் எழுத்தாளரிடமிருந்து தெரிந்துகொள்ளத் தக்கவை இவையே. பதின்பருவத்தினர் எழுத்தாளரிடம் கேட்கும் வினாக்களுக்கு, நாஞ்சில் நாட்டுப் படைப்பாளிகளின் வாழ்வும் எழுத்தும் தரும் விடைகளை இப்பாடம் தொகுத்துரைக்கிறது.

பதின்பருவத்திற்கு உரிய கதை

குழந்தைகளுக்கான கதைகள் தமிழில் நிறைய உண்டு. பெரியவர்களுக்கான சிறுகதைகளும் புதினங்களும் அவற்றினும் மிகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தினர் படிப்பதற்கென எழுதப்படுவதே இளையோர் இலக்கியம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலான காலம், ஒருவர் தம்மைத் தாமே முதன்முதலாக உற்றுநோக்கும் காலம். வீட்டின் வருவாய், சாதியின் பெயரால் நிகழும் விலக்கம், உடலில் தோன்றும் மாற்றம், நட்பில் ஏற்படும் பிளவு, தேர்வு பற்றிய அச்சம் ஆகியன யாவும் ஒருங்கே மனத்தை அழுத்தும் பருவம் அது. இவற்றை நேர்மையுடன் பேசும் கதையை அப்பருவத்தினர் எளிதில் இனங்கண்டுகொள்வர்.

சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் சிறார் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. கீழடியைக் களமாகக் கொண்டு உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்னும் இளையோர் புதினம் 2023ஆம் ஆண்டில் அவ்விருதைப் பெற்றது. குழந்தைகளின் பாதுகாப்பைப் பேசும் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்னும் நூலுக்காக யெஸ். பாலபாரதி 2020ஆம் ஆண்டில் இவ்விருதைப் பெற்றார். ஆயிஷா. இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ என்னும் குறுநாவல், கேள்வி கேட்கும் ஒரு மாணவியை வகுப்பறை எவ்வாறு இழந்தது என்பதை அவளுடைய அறிவியல் ஆசிரியையின் கூற்றாகச் சொல்கிறது. அந்நூலைப் படித்த ஆசிரியர்கள் பலர் தம் வகுப்பறையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தனர். அதை எழுதியவரும் ஆசிரியரே.

குமரி மாவட்டமும் இவ்வகையில் பின்தங்கியதன்று. தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஆசிரியராக நீண்டகாலம் பணியாற்றிக் குழந்தைகளுக்குப் பாடல்கள் இயற்றினார். அழகியபாண்டிபுரத்தைச் சேர்ந்த கிருஷ்ணன் நம்பி, சசிதேவன் என்னும் பெயரில் குழந்தைப் பாடல்கள் எழுதினார். அவை ‘யானை என்ன யானை?’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன், இளம் வாசகர்களுக்காகப் ‘பனிமனிதன்’ என்னும் சாகசப் புதினத்தைப் படைத்தார். பொன்னீலன் பள்ளிக் கல்வித்துறையில் பணியாற்றிக்கொண்டே புதினங்கள் எழுதியவர். பள்ளியும் எழுத்தும் இம்மண்ணில் அடுத்தடுத்த வீடுகளாகவே இருந்துள்ளன.

பொன்னாடைக்குப் பின் தொடங்கும் உரையாடல்

எழுத்தாளர் ஒருவர் மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறார் எனக் கொள்வோம். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என நிகழ்ச்சி முடிந்துவிட்டால் மாணவர் மனத்தில் எஞ்சுவது சிறிதே. எழுத்தாளர் மேடையிலிருந்து இறங்கி மாணவர் நடுவே அமரும்போதுதான் சந்திப்பு தொடங்குகிறது. முதலில் எவரும் பேசுவதில்லை. பிறகு ஒருவர் எழுந்து கேட்கிறார். அதன்பின் கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஊர்தோறும் எழுத்தாளர் மாறினாலும் அக்கேள்விகள் பெரிதும் மாறுவதில்லை.

“எழுதுவதற்குச் செய்தி எங்கிருந்து கிடைக்கிறது?”

இதுவே பெரும்பாலும் முதற்கேள்வி. தம் ஊரில் கதைக்கு உரியது ஒன்றுமில்லை என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருக்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்புதினத்தின் நடுவே நிற்பது அரண்மனையோ போர்க்களமோ அன்று. நகரத்துச் சந்தியில் நின்ற ஒரு புளியமரம். அம்மரத்தைச் சுற்றி வாழ்ந்த மனிதர்கள், கடைகள், போட்டிகள், அரசியல் ஆகியவற்றின் வழியே ஒரு காலமாற்றமே கதையாகிறது. நாள்தோறும் பலர் கடந்துசென்ற மரத்தை ஒருவர் நின்று பார்த்தார். அப்புதினம் பின்னர்ப் பிற மொழிகளுக்கும் சென்றது.

நின்று பார்ப்பது பழகிக் கைவர வேண்டிய திறன். எழுத்துப் பயிற்சியில் எளிய சான்று ஒன்று காட்டப்படுவதுண்டு. “கடல் கொந்தளிப்பாக இருந்தது; மீனவர்கள் மிகவும் அஞ்சினர்” என்று எழுதுவது செய்தி. “அப்பா விடியுமுன் கரைக்குப் போனார். வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலையைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பினார்” என்று எழுதுவது கதை. இரண்டாவதில் அச்சம் என்னும் சொல்லே இல்லை. ஆயினும் படிப்பவர் நெஞ்சில் அச்சம் பிறக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலையும் கண்ட கடற்கரை இது. கடலின் நிறத்தைவிட, கடலைப் பார்க்கும் கண்களை இங்குள்ள மாணவர் நன்கறிவர். அந்த அறிவே அவர்களுடைய முதல் எழுத்துச் செல்வம்.

“எங்கள் பேச்சில் எழுதலாமா?”

குமரி மாவட்டத்து மாணவர்க்கு இக்கேள்வி கூடுதல் எடையுடையது. இப்பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் திருவிதாங்கூர் - கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மலையாளத்துடன் நெருங்கிப் பழகிய பேச்சு இங்குண்டு. வெளியூருக்குப் படிக்கச் செல்வோரின் பேச்சு சிலவேளை நகைப்புக்கு உள்ளாவதும் உண்டு. நகைப்புக்கு அஞ்சி வீட்டுச் சொற்களை ஒளித்துக்கொள்பவர், நாளடைவில் அச்சொற்கள் சுட்டிய வாழ்வையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்.

நாஞ்சில் நாடன் அவ்வாறு ஒளிக்கவில்லை. வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, பிழைப்புக்காக மும்பை சென்ற அவர், அங்கிருந்தபடியே தம் ஊரை எழுதினார். 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘தலைகீழ் விகிதங்கள்’ முதலாகப் பல படைப்புகளில் வேளாண் குடிகளின் பேச்சும் உணவும் உழைப்பும் இடம்பெற்றன. ‘சூடிய பூ சூடற்க’ என்னும் சிறுகதைத் தொகுப்புக்கு 2010ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், மலையாள வழியில் கல்வி கற்றவர். கடலோர முஸ்லிம் மக்களின் பேச்சையே தம் புனைவுமொழியாக்கினார். அவருடைய ‘சாய்வு நாற்காலி’ 1997ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்றது.

நெல் விளையும் பரப்பைப் ‘பத்து’ என்றும் ‘ஏலா’ என்றும், பதநீரை ‘அக்கானி’ என்றும், நெற்பருவங்களைக் ‘கன்னிப்பூ’, ‘கும்பப்பூ’ என்றும் வழங்கும் சொற்கள் இங்குள்ளன. ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் எத்தனையோ! ஒரே பேரனைப் பார்த்து, “மக்களே, அக்கானி குடிச்சிட்டுப் போ” என்கிறார் பாட்டி. அழைக்கப்படுபவர் ஒருவர், சொல்லோ பன்மை. இலக்கண நோக்கில் இது வழுவெனத் தோன்றலாம். உவப்பினால் பால், எண் மயங்கி வருவதை இலக்கணமே வழுவமைதி என ஏற்றுக்கொள்கிறது. பாட்டியின் அன்பை வேறு எச்சொல்லாலும் இத்துணைச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

எனினும் வட்டார வழக்கைக் கையாள்வதற்கும் ஓர் ஒழுங்குண்டு. கதைமாந்தரின் உரையாடலில் வட்டாரப் பேச்சையும், கதையை எடுத்துரைக்கும் பகுதியில் பொதுத்தமிழையும் கையாள்வது தொடக்க நிலையில் எளிது. ஒரு சொல்லின் பொருள் சூழலிலிருந்தே விளங்குமாறு தொடரை அமைத்தல் வேண்டும். தேர்வு விடைக்கு ஒரு நடை, நண்பர்க்கு எழுதும் மடலுக்கு ஒரு நடை, கதைக்கு ஒரு நடை என்று இடமறிந்து எழுதுபவரே மொழியை ஆள்பவர்.

“எந்த வயதில் எழுதத் தொடங்க வேண்டும்?”

இக்கேள்விக்கு வரலாறு இரண்டு விடைகளைத் தருகிறது. பதின்பருவத்திலேயே எழுதியவர்கள் உள்ளனர். எழுத்தாளர் அம்பை பதினாறு வயதளவில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ என்னும் சிறுவர் புதினம், ‘கண்ணன்’ என்னும் சிறுவர் இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அதே அம்பை 2021ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்னும் மாணவி, தம் வயதினரின் வாழ்வை உள்ளபடி கூறும் கதைகள் இல்லையே என்னும் குறையால் பள்ளியில் படிக்கும்போதே ஒரு புதினம் எழுதினார். 1967ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் அந்நூல் ஆங்கிலத்தில் இளையோர் புனைவு தனித்துறையாக வளர வழிவகுத்த நூல்களுள் ஒன்று.

காலந்தாழ்ந்து தொடங்கியவர்களும் உள்ளனர். கோட்டயத்தில் இளமையைக் கழித்த சுந்தர ராமசாமி, பள்ளியில் மலையாளம் பயின்றவர். நோயினால் படிப்பு தடைப்பட்டது. ஏறத்தாழப் பதினெட்டு வயதில்தான் அவர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். மேல்நிலைக் கல்வியை முடிக்கும் அகவையில் அகரத்தைத் தொடங்கியவர், அம்மொழியின் உரைநடைக்கே புதுக்கூர்மை சேர்த்தார். ஆகவே, எழுதத் தொடங்குவதற்கு உரிய வயது கடந்துவிட்டது என்றோ, இன்னும் வரவில்லை என்றோ பதினோராம் வகுப்பு மாணவர் எவரும் கருத வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஆனி பிராங்க் என்னும் யூதச் சிறுமி, நாசிப் படையினருக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாம் நகரில் மறைந்து வாழ்ந்தபோது நாட்குறிப்பு எழுதினார். போர்க்கால நாட்குறிப்புகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்னும் வானொலி அறிவிப்பை 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கேட்டதும், தம் குறிப்புகளை நூலாக்கும் எண்ணத்துடன் தாமே திருத்தி மீண்டும் எழுதத் தொடங்கினார். அப்பணி முடியுமுன் பிடிபட்டார். 1945ஆம் ஆண்டு முகாமில் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்து. நாட்குறிப்பு 1947ஆம் ஆண்டு நூலாயிற்று. உலகமே அறிந்த அந்நாட்குறிப்பும் எழுதியவராலேயே திருத்தப்பட்டது.

“முதலில் எழுதியது நன்றாக இல்லையெனில் என்ன செய்வது?”

முதற்படி நன்றாக இல்லாதிருப்பது இயல்பு. தேர்வறையில் ஒருமுறை எழுதியதே இறுதியாகிறது. அப்பழக்கத்தால் எல்லா எழுத்தும் ஒரே மூச்சில் முடிய வேண்டும் என மாணவர் எண்ணிவிடுகின்றனர். கதையெழுத்து அவ்வாறன்று. எழுதியதைச் சிலநாள் மூடிவைத்துப் பின்னர் உரக்கப் படித்தல் நல்ல முறை. நா இடறும் இடத்தில் தொடர் சிதைந்திருக்கும். கேட்பவர் கவனம் சிதறும் இடத்தில் தேவையற்ற விளக்கம் இருக்கும். கதை எங்கே உண்மையில் தொடங்குகிறது எனத் தேடினால், பல வேளைகளில் அது இரண்டாம் பக்கத்தில் கிடைக்கும். அதற்கு முன்னுள்ளவற்றை நீக்கலாம். நெல்லையும் பதரையும் பிரிப்பவர் பதரின் அளவைக் கண்டு வருந்துவதில்லை.

“வீட்டில் நடந்ததை எழுதலாமா?”

இக்கேள்வி உரக்கக் கேட்கப்படுவது அரிது. சந்திப்பு முடிந்து எல்லாரும் கலைந்தபின், ஒரு மாணவியோ மாணவரோ தனியே வந்து கேட்பதாகவே இது பெரும்பாலும் அமைகிறது. இங்குதான் எழுத்தாளரின் பொறுப்பு மிகுதி.

ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய ‘புத்தம் வீடு’ 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. குமரிப் பகுதியின் பனைவிளைகளுக்கிடையே நிகழும் அக்கதையின் தலைவி லிஸி. படிக்க விரும்பும் அச்சிறுமி, பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். பழம்பெருமை பேசும் ஒரு குடும்பத்தின் சுவர்களுக்குள் ஒரு பெண் வளர்வதை, எவரையும் தூற்றாமல், எதையும் மறைக்காமல் அப்புதினம் சொல்கிறது. இன்று அதே மாவட்டத்தின் வகுப்பறைகளில் மாணவியர் அமர்ந்து பயில்கின்றனர். லிஸிக்கு மறுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்திருப்பவர், லிஸியின் கதையைப் படிக்கும்போது அது வெறும் பாடமாக இராது. மலர்வதி எழுதிய ‘தூப்புக்காரி’, துப்புரவுப் பணியாளரின் வாழ்வைப் பேசி 2012ஆம் ஆண்டின் யுவ புரஸ்கார் விருதைப் பெற்றது. சொல்லக் கூசியவை எனப் பிறர் ஒதுக்கியவற்றை இவ்விருவரும் இலக்கியமாக்கினர்.

எனவே, வீட்டில் நடந்ததை எழுதலாம். ஆயினும் எழுதுவதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. எழுதுவது தனக்கே உரியது. வெளியிடுவது பிறரையும் தொடுவது. பெயரை மாற்றுதல், ஊரை மாற்றுதல், இரண்டு மனிதரை ஒருவராக்குதல், நடந்ததோடு நடக்காததைச் சேர்த்தல் ஆகியன புனைவின் வழிகள். இவை உண்மையை மறைப்பதற்கு உரியவை அல்ல. உண்மையைக் கூறும்போது உயிருள்ளவர் காயமுறாமல் காப்பதற்கு உரியவை. ஒருவரைப் பழிவாங்க எழுதப்படும் கதையில் அவர் மட்டுமே தெரிவார். அவரைப் புரிந்துகொள்ள எழுதப்படும் கதையில் வாழ்க்கை தெரியும். தற்போது துன்பத்தில் இருப்பவர், கதையாக எழுதுவதோடு நில்லாமல், நம்பத்தகுந்த ஆசிரியரிடமோ பெரியவரிடமோ நேரில் சொல்லுதல் வேண்டும். உதவிக்கு விடுக்கும் அழைப்பைக் கதைக்குள் மட்டும் ஒளித்துவைத்தல் கூடாது.

“எழுதிப் பிழைக்க முடியுமா?”

பெற்றோர் சார்பில் மாணவர் கேட்கும் கேள்வி இது. இதற்கு மழுப்பாமல் விடை கூறுவதே முறை. தமிழில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர் சிலரே. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தோப்பில் முகமது மீரான் வணிகம் செய்தார். நாஞ்சில் நாடன் தனியார் நிறுவனத்தில் பணியாற்றினார். ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியர். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தார். தொழில் இவர்களது எழுத்துக்குத் தடையாக மட்டும் இருந்ததில்லை; கடைக்கு வந்தவரும் பயணத்தில் எதிர்ப்பட்டவரும் மனிதரைப் பற்றிய அறிவை வளர்த்தனர். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, மீன்பிடித்தொழில் என எத்துறைக்குச் சென்றாலும் எழுத்து உடன்வரும். பதினோராம் வகுப்பில் தெரிவுசெய்யும் பாடப்பிரிவு, ஒருவர் கதை எழுதுவாரா என்பதை முடிவு செய்வதில்லை.

வருகைக்குப் பின்

எழுத்தாளர் ஒரு நாள் வருவார், மாலையில் சென்றுவிடுவார். ஒரு நாள் உரையால் எவரும் எழுத்தாளராகிவிடுவதில்லை. எழுதுவதற்கு இசைவு கிடைத்தது போன்ற உணர்வை அவ்வருகை தரும். தம் ஊரில் பிறந்து, தம்மைப் போலவே பேசி, தம்மைப் போலவே பிழைவிட்டுத் திருத்திய ஒருவர் நூல்கள் எழுதியிருக்கிறார் என்பதை நேரில் காண்பது பெருந்துணிவு. அத்துணிவு வாடாமல் காக்கும் பொறுப்பு பள்ளிக்கு உரியது.

கி. ராஜநாராயணன் பள்ளிக்கல்வியை இடையிலேயே விட்டவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. அவர் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணியில் இளைஞர்களையும் ஈடுபடுத்தினார். ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்கச் சென்றவர்கள், கேட்பதே எழுத்தின் முதற்படி என்பதை உணர்ந்தனர். இதைப் பள்ளியிலும் செய்யலாம். நூலகப் பாடவேளையில் ஒருவர் ஒரு சிறுகதையை உரக்கப் படிக்கலாம். வகுப்புக்கு ஒரு கையெழுத்து இதழ் நடத்தலாம். தமிழ் எழுத்தாளர் பலர் அத்தகைய இதழ்களில்தான் கைபழகினர். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கெனப் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட ‘தேன்சிட்டு’ இதழுக்குத் தம்பி தங்கையரை எழுதத் தூண்டலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் எழுத்தாளரைச் சந்திக்கச் செல்வோர், அவருடைய நூலொன்றையேனும் முன்னரே படித்துச் செல்லலாம். படித்தவர் கேட்கும் கேள்விக்கு எழுத்தாளரும் சற்று எண்ணியே விடை சொல்வார்.

நாஞ்சில் நாட்டின் புளியமரமும் பனைவிளையும் வயலும் கடற்கரையும் எழுதப்பட்டுவிட்டன. அவற்றை எழுதியவர்கள் கண்ட ஊர் இப்போது இல்லை. நான்குவழிச் சாலை, வெளிநாட்டு வேலைக்குச் சென்ற தந்தை, கைப்பேசியில் மட்டும் முகம் காணும் குடும்பம், குறைந்துவரும் நெல்வயல் எனப் புதியதோர் ஊர் உருவாகியிருக்கிறது. அவ்வூரை உள்ளிருந்து அறிந்தவர்கள் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பதினாறு வயதினரே. அவர்கள் எழுதாவிடில் அந்த ஊர் எழுதப்படாமலேயே போய்விடும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியில் நாள்தோறும் காணும் ஒரு மரம், கடை அல்லது பாலத்தைப் பத்து நிமிடம் உற்றுநோக்கி, அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுக. அழகு, அற்புதம், மகிழ்ச்சி, துயரம் ஆகிய சொற்களைத் தவிர்க்க.

2. உங்கள் வீட்டுப் பெரியவர் பயன்படுத்தும் வட்டாரச் சொற்கள் பத்தினைத் திரட்டி, அவற்றுள் மூன்று இடம்பெறுமாறு ஓர் உரையாடல் அமைக்க.

3. ‘எழுதுவதும் வெளியிடுவதும் ஒன்றல்ல’ – இக்கருத்து சமூக ஊடகப் பதிவுகளுக்கு எவ்வாறு பொருந்தும் என வகுப்பில் கலந்துரையாடுக.

4. உங்கள் பள்ளிக்கு வரவிருக்கும் எழுத்தாளரிடம் கேட்பதற்கு ஐந்து வினாக்களை உருவாக்குக. அவற்றுள் இரண்டேனும் அவருடைய படைப்பைப் படித்தவர் மட்டுமே கேட்கத்தக்கனவாக அமைதல் வேண்டும்.